சுழியா, இரண்டா

என் மகள் பிறந்து ஒன்பதாவது மாதம் நடந்த அந்த வாரத்தில், என் மடிக்கணினியில் சந்திரன் இரண்டு பாகை பின்தங்கியே நின்றது. எத்தனை முறை முதலிலிருந்து கூட்டினாலும், போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. அதே வாரத்தில்தான் மகளும் மதியச் சாப்பாட்டைத் துப்ப ஆரம்பித்தாள். இரண்டுக்கும் நான்தான் காரணம் என்று தோன்றியது. எது நடந்தாலும் எனக்கு முதலில் அப்படித்தான் தோன்றும்.

நான் கணிதத்தில் முதுகலை படித்தவள். ஒரு கல்லூரியில் தற்காலிகமாகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பிரசவத்தோடு அது முடிந்துபோனது. பிறகு கிடைத்ததுதான் வீட்டிலிருந்து செய்யும் இந்த வேலை. கடற்கரைப் பக்கம் உள்ள ஒரு நூலகத்தில் ஐந்து பழைய நோட்டுப் புத்தகங்களைப் படமெடுத்து வைத்திருந்தார்கள். எல்லாம் வானக் கணக்குகள். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி இருந்த காலத்தில், பிரான்சிலிருந்து வானம் பார்க்க வந்த யாரோ ஒருவருக்காக உள்ளூர்க் கணக்கர்கள் எழுதிக் கொடுத்தவை என்று சொன்னார்கள். படத்தைப் பார்த்து எண்களைக் கணினிப் பட்டியலில் ஏற்ற வேண்டும். நூலகத்தில் அந்த வேலையைக் கவனித்துக்கொண்ட அக்கா முதல் நோட்டை மட்டும் அனுப்பிவிட்டு போனில் சொன்னார்.

"கடைசிப் பக்கத்துல ஒரு கிரகணக் கணக்கு இருக்கும்மா. நீ ஏத்துற பட்டியலை வச்சு அந்தக் கணக்கைப் போட்டுப் பாரு. சரியா வந்துச்சுன்னா மிச்ச நாலு நோட்டும் உனக்குத்தான். வரலன்னா பிழையான பிரதின்னு எழுதி மொத்தத்தையும் ஓரங்கட்டச் சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமை எனக்குச் சொல்லணும்."

"தப்பு நான் ஏத்துனதுல இருந்தா அக்கா?"

"அதையும் நீதான் சொல்லணும். அப்புறம், பூ வரைஞ்சது, சுழி போட்டது, மை கொட்டுனது இதெல்லாம் வேணாம். எண்ணு மட்டும்."

ஆக, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பழைய கிரகணம் சரியாகப் பிடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை. அந்த நோட்டையும் இனி யாரும் திறக்கப்போவதில்லை.

வீட்டில் நிலைமை இப்படி. அத்தை, நாத்தனாரின் பிரசவத்துக்காக முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் பிரான்சுக்கு விமானம் ஏறியிருந்தார். கணவருக்குப் புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை; அந்த வாரம் காலை ஷிப்ட். பகலில் வீட்டில் இருந்தது நான், மகள், மாமனார் மூவர்தான். மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதிலிருந்து பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். தமிழ் பேசினால் உழவர்கரைச் சந்தையே நேரில் வந்த மாதிரி இருக்கும். எழுதிக் கொடுத்தால் மட்டும் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிப்பார். அவர்கள் கத்தோலிக்கக் குடும்பம். நான் வில்லியனூரைத் தாண்டி ஒரு கிராமத்தில், நெல்லும் கரும்பும் போடும் வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியும், இந்த வீட்டில் எதைச் செய்தாலும் இது சரியா, யாராவது முகம் சுளிப்பார்களோ என்று ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் செய்வேன். செய்த பிறகு இன்னொருமுறை யோசிப்பேன்.

மகளைப் பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை வரை மாமா பார்த்துக்கொள்வார் என்று ஏற்பாடு. என்ன, எப்போது ஊட்ட வேண்டும் என்று தினமும் காலையில் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுவேன். பத்து மணிக்குக் கேழ்வரகுக் கூழ், கிண்ணத்தில். பதினொன்றரைக்கு வாழைப்பழம், மசித்து. பன்னிரண்டரைக்குப் பருப்பு சாதம், அதை நானே வந்து ஊட்டுவேன். மாமா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்துவிட்டு, "உய், மோன் கப்பித்தேன்" என்று எனக்கு ஒரு சல்யூட் அடிப்பார். சரி கேப்டன் என்று அர்த்தம். மகள் சிரிப்பாள். நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சந்திரனிடம் போய்விடுவேன்.

நோட்டைத் திறந்த முதல் நாளே நான் அதில் விழுந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஏற்றுகிற வேலைதானே, கண்ணும் விரலும் போதும் என்று நினைத்திருந்தேன். பட்டியலில் இருநூற்று நாற்பத்தெட்டு வரிகள், பக்கத்துக்கு எட்டாக முப்பத்தொரு பக்கம். ஒவ்வொரு வரியும் ஒரு நாள். அன்றைக்குச் சந்திரன் எந்த ராசியில், எத்தனை பாகை, எத்தனை கலை. வட்டத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ராசி, ராசியை முப்பதாகப் பிரித்தால் பாகை, பாகையை அறுபதாகப் பிரித்தால் கலை. முதல் நாள் பன்னிரண்டு பாகை மூன்று கலை. இரண்டாம் நாள் இருபத்து நான்கு பாகை ஒன்பது கலை. முதல் நாள் நடையைவிட இரண்டாம் நாள் நடை மூன்று கலை அதிகம். அடுத்த நாள் அதைவிட ஏழு கலை அதிகம்.

சந்திரன் தினமும் ஒரே வேகத்தில் போகும் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். யாராவது கேட்டிருந்தால் யோசித்துவிட்டு இல்லை என்று சொல்லியிருப்பேன். ஆனால் யாரும் கேட்டதில்லை. இந்தப் பட்டியலில் அது பன்னிரண்டு பாகையில் சோம்பலாகக் கிளம்பி, இரண்டு வாரத்தில் பதினான்கைத் தாண்டி ஓடி, மறுபடி மூச்சு வாங்கிக்கொண்டு பன்னிரண்டுக்கு வருகிறது. இப்படி ஒன்பது முறை ஏறி இறங்கினால் ஏறக்குறைய இருநூற்று நாற்பத்தெட்டு நாள். அதனால்தான் பட்டியல் அந்த வரியோடு முடிகிறது; அதன் பிறகு பழைய நடையே திரும்பி வரும். தொலைநோக்கி இல்லாமல் இதைக் கண்டுபிடித்தவர்கள் எத்தனை மாதம் மொட்டைமாடியில் நின்றிருப்பார்கள், அவர்கள் வீட்டில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்றெல்லாம் யோசனை போனது.

எண்கள் பழைய தமிழ் எண்கள். க போல ஒன்று, எ போல ஏழு, அ போல எட்டு. பத்துக்குத் தனிக் குறி, நூறுக்குத் தனிக் குறி. பூஜ்யம் கிடையாது. ராசி இல்லாத நாளில் அந்த இடம் வெறுமனே காலியாக இருக்கும். முதல் நாள் மணிக்கு ஒரு பக்கம் ஏற்றினேன்; மகள் தூங்கிய பிறகு இரவிலும் உட்கார்ந்தேன். இரண்டாம் நாள் எண்கள் தாமாகவே கண்ணில் பேச ஆரம்பித்தன.

ராசி, பாகை, கலை என்ற மூன்று பத்திகளோடு நானாகவே நான்காவதாக ஒரு பத்தி சேர்த்தேன். அதன் தலைப்பு, சந்தேகம். இது ஒன்றா, க என்று எழுதி அடித்ததா? இது கறையா, கோடா? நோட்டின் முதல் ஏட்டில், எழுத்து எதுவும் தொடங்கும் முன், மேலே ஓரத்தில் சின்னதாக ஒரு குறி இருந்தது. "கூட்டல் குறியா?" என்று அதையும் எழுதினேன். பட்டியல் தொடங்கும் மூன்றாம் ஏட்டில் மட்டும் மேலே நடுவில் அழகாக ஒரு சுழி. எங்கள் வீட்டில் வண்ணான் கணக்கு எழுதினாலும் உச்சியில் உ என்று போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்போம். அதைப் பார்த்ததும் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டு முதல் வரிக்குப் போனேன். அதற்கு மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

நடுவில் ஒருமுறை, அதுவரை ஏற்றியதை அக்காவுக்கு அனுப்பியபோது அவர் பதிலுக்கு எழுதினார்: "இதுல நோட்டை விட உன் சந்தேகம் பெருசா இருக்கே. அதையே தனிப் புத்தகமா போட்டுடலாம்."

புதன்கிழமை காலை ஏற்றி முடித்துவிட்டுக் கடைசிப் பக்கத்துக் கணக்கை எடுத்தேன். ஆடி மாதத்துச் சந்திர கிரகணம். முறை எளிதுதான். கணக்கின் தொடக்க நாளிலிருந்து கிரகண நாள் வரை எத்தனை நாள் கழிந்தது என்று எழுதியிருந்தார். அந்த நாள்களைப் பெரிய பெரிய சுற்றுகளாக வகுக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் சந்திரன் எவ்வளவு நகர்ந்திருக்கும் என்று தனியாக ஒரு சின்னப் பட்டியல் உண்டு. மிச்சமாக இருநூற்று நாற்பத்தெட்டுக்குக் குறைந்த நாள்கள் நிற்கும். அந்த நாளுக்கு நேரான வரியை எடுத்து எல்லாவற்றையும் கூட்டினால் சந்திரன் நிற்கும் இடம்.

விடை எழுதிய இடத்தில் பூச்சி அரித்து ஓட்டை. சூரியன் இடம் மட்டும் தெளிவாக இருந்தது: மூன்று ராசி, பதினொரு பாகை, இருபது கலை. அது போதும். சந்திர கிரகணம் என்றால் பூமிக்கு இந்தப் பக்கம் சூரியன், அந்தப் பக்கம் சந்திரன். சரியாக ஆறு ராசி தள்ளி. ஆகவே சந்திரன் ஒன்பது ராசி, பதினொரு பாகைக்கு வந்தாக வேண்டும்.

எனக்கு ஒன்பது ராசி, ஒன்பது பாகை, பதினாறு கலை வந்தது.

மறுபடி போட்டேன். கணினியில், கைப்பேசியில், பிறகு மகளின் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால். அதே ஒன்பது பாகை. சந்திரன் இரண்டு பாகையைக் கடக்க நான்கு மணி நேரம் ஆகும். கிரகணம் அத்தனை நேரம் காத்திருக்காது.

ஓட்டையின் ஓரத்தில் வேறு மையில், வேறு கையில், பிரெஞ்சில் ஒரு சிறு வரி இருந்தது. படத்தைப் பெரிதாக்கி மாமாவிடம் காட்டினேன்.

"அ கத்ர் மினுத் ப்ரெ" என்று படித்தார். "நாலு நிமிஷம் முன்ன பின்ன இருக்கும், மத்தபடி சரின்னு அர்த்தம்."

"எது மாமா நாலு நிமிஷம்?"

"கிரகணம் நாலு நிமிஷம் லேட்டா வந்திருக்கும். விழுப்புரம் பஸ்ஸுக்கு அது எவ்ளோ மேல்."

அந்த வெள்ளைக்காரர் சரிபார்த்துச் சரி என்று எழுதியிருக்கிறார். அப்படியானால் அந்தக் கணக்கருக்குச் சரியாக வந்தது எனக்கு மட்டும் வரவில்லை. நாலு மணி நேரம் எங்கே, நாலு நிமிடம் எங்கே.

ஏற்றியதில் பிழை இருந்தால் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு வரியிலிருந்தும் அதற்கு முந்தைய வரியைக் கழித்தால் அன்றாட நடை கிடைக்கும். அது மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். எங்காவது ஓர் எண் தப்பியிருந்தால் அந்த இடத்தில் ஒரு குதி தெரியும். வரைபடமாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது அலைகள், வழவழவென்று, ஒரு குதி கூட இல்லை. மகளை மடியில் வைத்துக்கொண்டு திரையில் அந்த அலைகளை விரலால் தொட்டுக் காட்டினேன். அவள் ஒன்றை நக்கிப் பார்த்தாள். எனக்கு அழுகை வரும்போல இருந்தாலும் அந்த அலைகள் அழகாக இருந்தன. எத்தனையோ மாதங்கள் பார்த்த நடையை யாரோ ஒருவர் இத்தனை சீராக மடித்து வைத்திருக்கிறார், அது என் மேசைமேல் விரிந்து கிடக்கிறது. இதைப் பிழையான பிரதி என்று எப்படி எழுதுவது?

பன்னிரண்டரைக்கு மகள் பருப்பு சாதத்தைத் துப்பினாள். திங்களிலிருந்து அப்படித்தான். இரண்டு வாய் வாங்குவாள், பிறகு உதட்டை இறுக்கிக்கொள்வாள். பல் வருகிறதோ, வயிற்றில் ஏதோ, பருப்பு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று வரிசையாகப் போனது என் மனம். அடுத்த வாரம் எடை பார்க்கக் கூட்டிப்போக வேண்டும். குறைந்திருந்தால் என்ன சொல்வேன்? வேலை பார்க்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையை விட்டதன் பலன் என்று அத்தை பிரான்சிலிருந்து நினைப்பாரோ? அவர் அப்படிச் சொல்கிறவர் இல்லை. ஆனாலும் நினைப்பதை யார் கண்டார்கள்?

இன்னொன்றும் கவனித்திருந்தேன். சாயங்காலத்துக்கும் சேர்த்துக் காய்ச்சி வைக்கும் கூழ் மதியமே காலியாகிவிடுகிறது. மாமாவுக்குச் சர்க்கரை உண்டு. கேழ்வரகு நல்லது என்று அவர் குடித்துவிடுகிறார்போல என்று நினைத்தேன். மாமனாரிடம் போய்க் கூழைக் குடித்தீர்களா என்று கேட்க முடியுமா? செவ்வாய்க்கிழமை முதல் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் காய்ச்சினேன். அதுவும் காலியானது.

வியாழக்கிழமை காலை முழுக்க இருநூற்று நாற்பத்தெட்டு வரிகளையும் மறுபடி படத்தோடு ஒப்பிட்டேன். ஒரு பிழை இருந்தது. அதுவும் சந்தேகப் பத்தியில், எழுத்துப் பிழை. பன்னிரண்டரைக்கு வெளியே வந்து மகளை நாற்காலியில் உட்காரவைத்து முதல் வாயைக் கொடுத்தேன். துப்பினாள். இரண்டாவதைக் கையால் தட்டிவிட்டாள். என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை, மாமா பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"வேணாம்னா விட்டுடும்மா. வயிறு ரொம்பியிருக்கும்."

"பத்து மணிக்குக் குடிச்ச ஒரு கிண்ணம் கூழா மாமா இன்னும் வயித்துல இருக்கும்?"

"ஒண்ணா? ரெண்டாச்சே."

"ரெண்டா?"

"நீதானம்மா எழுதி வச்ச? எனக்கே பாவமாத்தான் இருந்துச்சு, இத்துனூண்டு வயிறு. ரெண்டாவது கிண்ணத்துக்கு ஆட்டம் காட்டி, பாட்டுப் பாடி, காக்கா காட்டி ஊட்ட வேண்டியிருக்கு. ஆனா மேல ஆர்டர். நான் இன்னா பண்றது?"

"நான் எங்க மாமா ரெண்டுன்னு எழுதுனேன்?"

அவர் எழுந்து போய்க் கதவிலிருந்த தாளைப் பிய்த்துக்கொண்டு வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உச்சியில் விரலை வைத்தார். "இதோ. தெனம் மொதல் வேலையா இதைத்தான் போட்டிருக்க. பெருசா, அடியில கோடு வேற. ரெண்டு. அதுக்குக் கீழ கூழ், கிண்ணம். நான் இன்னா கனவா கண்டேன்?"

அது நான் கைப்பழக்கத்தில் போட்ட பிள்ளையார் சுழி. எங்கள் ஊரில் போடுகிற மாதிரி வால் நீட்டி, அடியில் ஒரு கோடு இழுத்து. முதல் நாள் போட்ட பிறகுதான் ஐயோ, மாமாவுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ என்று தோன்றியது. அழித்தால் இன்னும் கண்ணில் படும் என்று விட்டுவிட்டேன். அதற்கடுத்த நாளும் கை தானாகப் போட்டது. அவர் ஒன்றும் சொல்லாததால், பெரிய மனது, பொறுத்துக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, அது ரெண்டு இல்ல. பிள்ளையார் சுழி."

"எது?"

"எது எழுதுனாலும் எங்க வீட்டுல மேல போடுவோமே. அந்த உ."

அவர் தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார், கிட்டே பிடித்துப் பார்த்தார். "அட, புள்ளையாரா? அவர் பங்கு கூழையுமா நான் இவளுக்கு ஊட்டியிருக்கேன், நாலு நாளா?" என்று சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். தாத்தா சிரிப்பதைப் பார்த்து மகளும் பருப்புக் கையால் மேசையைத் தட்டிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் வயிற்றில் ஒன்றுமில்லை, பல் இல்லை, நோய் இல்லை, இரண்டு கிண்ணம் கூழ்தான்.

"சுழி வேற ரெண்டு வேறன்னா, வேற வேற மாதிரி எழுதித் தொலைக்கக் கூடாதா?" என்றார் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பழைய தமிழ் எண்களில் இரண்டு என்பதும் அந்த உ தான். வாரம் முழுக்க அதை நூற்றுக்கணக்கான முறை பார்த்து இரண்டு, இரண்டு என்று ஏற்றியிருக்கிறேன். ஒரே ஓர் இடத்தில் மட்டும் பார்த்துவிட்டு ஏற்றவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனேன்.

"மாமா, இவளைக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா?" என்று கேட்டபடியே அறைக்குள் ஓடினேன். "ஊட்டணுமா வேணாமா, அதைச் சொல்லிட்டுப் போ" என்று பின்னால் குரல் வந்தது.

மூன்றாம் ஏட்டின் படத்தைத் திறந்தேன். மேலே, நடுவில், அது இருந்தது. பட்டியலின் உள்ளே உள்ள இரண்டுகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே வளைவு, அதே நீள வால். ஆனால் என் மனது உடனே மறுபக்கம் பேச ஆரம்பித்தது. உனக்கு இரண்டு வேண்டும், அதனால் இரண்டாகத் தெரிகிறது. நாளைக்கு மூன்று குறைந்தால் மூன்றைத் தேடுவாயா? சுழி போடும் இடத்தில் சுழி மாதிரி இருப்பது சுழியாகத்தானே இருக்கும்? எழுதியவர் சுழி போடுகிறவரா இல்லையா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் ஏட்டுக்குப் போனேன். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாமா அறை வாசலில் வந்து நின்றார்.

"மாமா, இதைப் பாருங்களேன். இது கூட்டல் குறிதானே?"

குனிந்து பார்த்தார். "கூட்டலா? குருசும்மா அது. கீழ்க்கால் நீட்டமா இருக்கு பாரு. எங்க ஜனங்க கடுதாசி எழுதினாலும் கணக்கு எழுதினாலும் மேல இதைத்தான் மொதல்ல போடுவாங்க. எங்க அப்பா மளிகைச் சீட்டுலகூட போடுவாரு." பிறகு என் சந்தேகப் பத்தியைப் படித்துவிட்டு, "கூட்டல் குறியாமே" என்று மகளிடம் சொன்னார். "உங்க அம்மாவுக்குச் சாமியெல்லாம் கணக்கு, கணக்கெல்லாம் சாமி."

சிலுவை போட்டுத் தொடங்கியவர் உள்ளே போய்ச் சுழி போட்டிருக்க மாட்டார். முப்பத்தொரு பக்கத்தில் வேறு எந்தப் பக்கத்தின் மேலும் அது இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. பட்டியலின் தலையில், ஒருமுறை மட்டும், எல்லா வரிகளுக்கும் சேர்த்து அவர் எழுதியிருப்பது ஓர் எண். கணக்கின் தொடக்க நாளில் சந்திரன் ஏற்கெனவே இரண்டு பாகையில் நின்றிருக்கிறது. எந்த நாளுக்குக் கூட்டினாலும் அந்த இரண்டையும் சேர்த்துக்கொள். சுகாதார நிலையத்தில் மகளைத் துண்டோடு எடை போடும்போது, துண்டின் எடை எவ்வளவு என்று முதலிலேயே அட்டையின் மேலே குறித்துக்கொள்வார்கள். அங்கே கழிக்க வேண்டும், இங்கே கூட்ட வேண்டும். அவ்வளவுதான்.

கூட்டினேன். ஒன்பது ராசி, பதினொரு பாகை, பதினாறு கலை.

சூரியன் மூன்று ராசி, பதினொரு பாகை, இருபது கலை. எதிரே ஒன்பது ராசி, பதினொரு பாகை, இருபது கலை. நான்கு கலை குறைந்தது. இந்த நான்கு எங்கே போனது என்று உடனே அடுத்த பயம் கிளம்பியது. பயந்துகொண்டே அந்தப் பிரெஞ்சு வரியைப் பார்த்தேன்.

"மாமா, மினுத்னா கடிகார நிமிஷம் மட்டும்தானா?"

"எல்லாத்துக்கும் அதான். ஆர்மில மேப் பாக்கறப்போ கோணத்துக்கும் டிகிரி, மினுத்துன்னுதான் சொல்லுவோம். ஒரு டிகிரிக்கு அறுபது மினுத்."

ஒரு பாகைக்கு அறுபது கலை.

கிரகணம் தாமதமாக வரவே இல்லை. கணக்கர் போட்ட இடத்துக்கும் இருக்க வேண்டிய இடத்துக்கும் நான்கு கலை வித்தியாசம் என்று, பூச்சி வருவதற்கு முன்னால் அந்த விடையைப் பார்த்த ஒருவர் பக்கத்திலேயே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஓட்டையில் போன எண்ணை அவர் வரி காப்பாற்றி வைத்திருந்தது. அந்த நான்கு என்னுடைய பிழையாக இல்லாமல் அவர்களுடையதாகவே இருந்ததில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மாமாவுக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. "கரெக்டா தப்பா வந்திருக்கு மாமா" என்றேன்.

"அப்ப சரி" என்றார்.

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல் அக்காவைக் கூப்பிட்டேன். சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"அந்தப் பக்கத்தைப் பத்துத் தடவையாவது பாத்திருப்பேம்மா. ஒவ்வொரு தடவையும் கன்னத்துல போட்டுக்கிட்டுத்தான் அடுத்த பக்கம் போயிருக்கேன்."

"நானும்தான் அக்கா."

"சுழியெல்லாம் வேணாம்னு உனக்குச் சொன்னதும் நான்தான்." கொஞ்ச நேரம் சிரித்தார். "சரி, உன் சந்தேகப் பத்தி இருக்கட்டும். மிச்ச நாலு நோட்டையும் அனுப்பிவிடறேன். அதுலயும் அந்தப் பத்தியை வச்சுக்கோ."

போனை வைத்த பிறகுதான் ஒன்று தோன்றியது. அத்தனை சந்தேகம் எழுதிய நான் எழுதாமல் விட்ட ஒரே இடத்தில்தான் அது இருந்தது. இதைச் சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டுமா, இன்னும் கவலைப்பட வேண்டுமா என்று இன்றுவரை முடிவு செய்யவில்லை.

மறுநாள் காலை புதுத் தாளை எடுத்தேன். போடக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் உட்கார்ந்தேன்; கை உச்சியில் உ போட்டுவிட்டது. மாமா பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்கட்டும், இருக்கட்டும், புள்ளையாரை ஏன் அடிக்கற? இங்க கொடு" என்று பேனாவை வாங்கி, கூழ் என்ற சொல்லுக்கு முன்னால் அவரே எண்ணைப் போட்டார். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்து ஒன்று. உச்சியிலிருந்து நீண்ட மூக்கு ஒன்று பாதி உயரத்துக்கு இறங்கியது.

"ஏழு கிண்ணமா மாமா?" என்றேன்.

"எல்லாத்துக்கும் ஒரு சந்தேகம்" என்றார். ஆனால் அதன் பக்கத்திலேயே பொடியாக ஒரு கிண்ணம் வரைந்தார். ஒரே ஒரு கிண்ணம். அன்று மதியம் மகள் பருப்பு சாதம் முழுவதையும் சாப்பிட்டுவிட்டு இன்னும் வேண்டும் என்று மேசையைத் தட்டினாள்.

திங்கட்கிழமை இரண்டாவது நோட்டின் படங்கள் வந்தன. வேறு கையெழுத்து. முதல் ஏட்டின் மேலே, நடுவில், வால் நீண்ட ஓர் உ. கும்பிட்டுக்கொண்டேன். பிறகு நான்காவது பத்தியில் எழுதினேன்: சுழியா, இரண்டா?